சுட்டியும் விசையும்: நிறுத்துக் கடிகாரத்தின் சாட்சியம்

கணிப்பொறியில் எழுதி முடித்த ஒரு கட்டுரையைச் சேமிக்க வேண்டும். இதற்கு வழிகள் இரண்டு உள்ளன. ‘மவுஸ்’ என்று நாம் எல்லோரும் சொல்லும் சுட்டியைப் பிடித்து, திரையின் மேற்பகுதியில் உள்ள பட்டியலைத் திறந்து, அதில் ‘சேமி’ என்னும் சொல்லின்மேல் அமுக்குவது ஒரு வழி. கையை எங்கும் எடுக்காமல், விசைப்பலகையில் கண்ட்ரோல் விசையையும் எஸ் விசையையும் சேர்த்து அழுத்திவிடுவது மற்றொரு வழி. இரண்டாவது வழியே விரைவானது என்பதில் கணிப்பொறி பழகியவர் எவருக்கும் ஐயம் இருப்பதில்லை. மாணவர்களுக்கென்று வெளிவரும் வழிகாட்டி நூல்கள் பலவற்றில், நேரத்தை மிச்சப்படுத்தும் விசைகள் என்ற பெயரில் ஓர் அட்டவணை இருக்கும். இத்தகைய விசைகளைக் குறுக்கு விசைகள் என்று இக்கட்டுரையில் வழங்குவோம்.

எல்லோரும் ஒப்புக்கொண்ட இந்த நம்பிக்கையை மறுத்து, 1989-ஆம் ஆண்டில் ஒரு தீர்ப்பு வெளிவந்தது. ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய புரூஸ் டோக்னாசினி என்பவர், தம் நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுவோருக்காக ஒரு கட்டுரைத் தொடர் எழுதி வந்தார். அதில் அவர் கூறியதன் சாரம் இது: மனிதனும் கணிப்பொறியும் உறவாடும் முறையைப்பற்றி நாங்கள் ஐந்து கோடி டாலர் செலவில் ஆராய்ந்திருக்கிறோம், சோதனைக்கு வந்தவர்கள் எல்லோரும் விசைப்பலகையே விரைவானது என்கிறார்கள், நிறுத்துக் கடிகாரமோ சுட்டியே விரைவானது என்று காட்டுகிறது.

இத்தீர்ப்பு இன்றும் பலரால் எடுத்தாளப்படுகிறது. சுட்டியை விரும்புவோர் இதை ஒரு கேடயமாகப் பிடிக்கிறார்கள். விசைப்பலகை அன்பர்கள் இதைக் கேட்டவுடன் சினம் கொள்கிறார்கள். அளந்து பார்த்த ஒரு கூற்றுக்கு மறுமொழி சினமாக இருக்க முடியாது. எதை அளந்தார்கள், எப்படி அளந்தார்கள், யாரை வைத்து அளந்தார்கள் என்று கேட்பதே முறை. ஆய்வுக்கூடத்தில் மாணவர்களின் பதிவேடுகளைத் திருத்துவது என் போன்ற இயற்பியல் ஆசிரியர்களின் அன்றாடத் தொழில். டோக்னாசினியின் பதிவேட்டையும் அவ்வாறே சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

முதற் குறை உடனே கண்ணில் படுகிறது. அக்கட்டுரையில் அளவீட்டு அட்டவணை இல்லை. எத்தனை பேர், எந்தக் கட்டளை, எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எத்தனை வினாடி என்னும் விவரம் எதுவும் இல்லை. ஐந்து கோடி டாலர் என்பது செலவின் அளவேயன்றி அளவீட்டின் அளவு ஆகாது. ஒரு தனி ஊசலின் அலைவு நேரத்தைக் காண்பதற்கே, நம் விரல் கடிகாரத்தை இயக்கவும் நிறுத்தவும் எடுத்துக்கொள்ளும் தாமதத்தை எண்ணி, 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்து 20-ஆல் வகுக்கிறோம். மனிதன் ஒன்றைக் கண்டு விரலை அசைக்க ஏறத்தாழ 0.2 வினாடி ஆகிறது. நாம் இங்கே பேசுவதோ ஓரிரு வினாடிகளில் முடியும் செயல்கள். ஆகவே அட்டவணை இல்லாத தீர்ப்பை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும்.

பின்னர் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் ஒரு சோதனையை விவரித்தார். ஒரு பத்தியில் ஆங்கில எழுத்தாகிய ‘ஈ’ வரும் இடங்களில் எல்லாம் ஒரு செங்குத்துக் கோட்டைப் போட்டுக் கொடுத்து, அவற்றை மீண்டும் அவ்வெழுத்தாக மாற்றச் சொன்னார். ஒருமுறை அம்புக்குறி விசைகளால் நகர்ந்து செய்ய வேண்டும். மறுமுறை சுட்டியால் செய்ய வேண்டும். அம்புக்குறி விசைகளுக்குச் சராசரியாக 99 வினாடிகளும் சுட்டிக்கு 50 வினாடிகளும் ஆயின. ஆனால் செய்தவர்களைக் கேட்டபோது, அம்புக்குறி விசைகளே மிக விரைவாக இருந்தன என்று சொன்னார்களாம்.

இச்சோதனையின் ஒரு பாதி மிகவும் மதிக்கத்தக்கது; மறுபாதி பிழையானது. அம்புக்குறி விசை வேறு, குறுக்கு விசை வேறு. ஒவ்வோர் எழுத்தாக அம்புக்குறியால் நடந்து செல்வது, சென்னையிலிருந்து மதுரைக்கு ஒவ்வொரு மைல்கல்லாகத் தொட்டுக்கொண்டு போவது போன்றது. விசைப்பலகை அறிந்தவர் இவ்வேலையை அவ்வாறு செய்யவே மாட்டார். ‘தேடி மாற்று’ என்னும் கட்டளையைக் கொடுத்துச் சில வினாடிகளில் பத்தி முழுவதையும் மாற்றிவிடுவார். எனவே ‘சுட்டி இரு மடங்கு வேகம்’ என்னும் முடிவு அம்புக்குறி விசைகளுக்கு மட்டுமே பொருந்தும். அதை எல்லா விசைகளுக்கும் நீட்டுவது, மாட்டு வண்டியை அளந்துவிட்டுத் தரை வழி வண்டிகள் அனைத்தும் மெதுவானவை என்பதற்கு ஒப்பாகும்.

மதிக்கத்தக்க பாதி எது? தாம் எடுத்துக்கொண்ட நேரத்தைப்பற்றி மனிதர் சொல்வது நம்பத்தக்கதன்று என்பது. பேருந்து நிறுத்தத்தில் காத்து நிற்கும் பத்து நிமிடமும், தேர்வு அறையில் எஞ்சிய கடைசிப் பத்து நிமிடமும் கடிகாரத்தில் ஒன்றுதான். விரல்கள் ஓயாமல் இயங்கும்போது காலம் ஓடுவதாகவும், சுட்டியைத் திரையில் இழுத்துச் செல்லும்போது காலம் நிற்பதாகவும் நமக்குத் தோன்றுகிறது. ‘எனக்கு இதுதான் வேகம்’ என்று அடித்துச் சொல்லும் விசைப்பலகை அன்பர்கள் இதை நினைவிற் கொள்வது நன்று.

மேசைமேல் ஒரு கணக்கு

அளந்து வெளியிட்ட எண்கள் வேறு இடத்தில் உள்ளன. கலிஃபோர்னியாவில் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி மையத்தில் ஸ்டூவர்ட் கார்டு, வில்லியம் இங்கிலிஷ், பெட்டி பர் ஆகிய மூவர் 1978-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். திரையில் ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டுவதற்குச் சுட்டி, இயக்குபிடி, நகர்த்தும் விசைகள் முதலியவற்றை ஒப்பிட்டார்கள். சுட்டிக்கு 1.66 வினாடியும், அம்புக்குறி போன்ற நகர்த்தும் விசைகளுக்கு 2.51 வினாடியும் ஆயின. தவறுகளிலும் சுட்டியே நல்லது: 5 விழுக்காடு, நகர்த்தும் விசைகளில் 13 விழுக்காடு. ஆக, ஓர் இடத்தைக் காட்டுவது என்று வந்தால் சுட்டியே வெல்கிறது. இதில் வழக்காடுவதற்கு ஒன்றுமில்லை.

இங்கே ஓர் இயற்பியல் அழகும் உண்டு. பால் ஃபிட்ஸ் என்னும் உளவியலார் 1954-இல் ஒரு விதியைக் கண்டார். கை ஓர் இலக்கைச் சென்று தொட ஆகும் நேரம், இலக்கின் தொலைவைப் பொறுத்து நேர் விகிதத்தில் கூடுவதில்லை. தொலைவை இலக்கின் அகலத்தால் வகுத்து வரும் எண்ணின் மடக்கையைப் பொறுத்தே கூடுகிறது. தொலைவு இரு மடங்கானால் நேரம் இரு மடங்காகாமல், ஒரு நிலையான சிறு அளவு மட்டும் கூடும். கார்டு குழுவினரின் சுட்டி இவ்விதிக்கு அடங்கி நடந்தது. அதைவிட வியப்பு என்னவென்றால், வெறுங்கையால் தொடுவதற்கு ஆகும் வேகத்துக்கு அது மிக அருகில் வந்தது. அதாவது, நம் கண்ணும் கையும் அனுமதிக்கும் எல்லையை அந்தச் சிறு பெட்டி ஏறக்குறைய எட்டிவிட்டது.

ஆனால் கட்டளையிடுவது என்பது இடத்தைச் சுட்டுவதன்று. இதற்கான கணக்கை அதே கார்டு, டாமஸ் மோரன், ஆலன் நியூவெல் என்னும் இருவருடன் சேர்ந்து 1980-இல் வகுத்துத் தந்தார். கணிப்பொறி முன் அமர்ந்திருப்பவரின் செயலைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சராசரி நேரம் கொடுத்தார்கள். கையை விசைப்பலகையிலிருந்து சுட்டிக்கோ, சுட்டியிலிருந்து விசைப்பலகைக்கோ கொண்டு செல்ல 0.4 வினாடி. சுட்டியால் ஓரிடத்தைக் காட்ட 1.1 வினாடி. நன்கு தட்டச்சு அறிந்தவர் ஒரு விசையை அழுத்த 0.2 வினாடி, ஓரளவு அறிந்தவருக்கு 0.28 வினாடி. அடுத்து என்ன செய்வது என்று மனம் எண்ணி ஆயத்தமாக 1.35 வினாடி.

இந்த 0.28 எனும் எண் நமக்கு அயலானதன்று. நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகங்களில் ‘ஹையர்’ தேர்வுக்கு நிமிடத்துக்கு 45 சொற்கள் அடிக்க வேண்டும். சொல்லுக்கு ஐந்து தட்டல் எனக் கொண்டால் நிமிடத்துக்கு 225 தட்டல். ஒரு தட்டலுக்கு 0.27 வினாடி. ஆகவே ஹையர் தேறியவரையே அக்கணக்கின் சராசரி மனிதராக வைத்துக்கொள்ளலாம்.

இப்பொழுது கூட்டிப் பார்ப்போம். கைகள் விசைப்பலகையில் உள்ளன. பட்டியல் வழியே சேமிக்க: கை சுட்டிக்குச் செல்ல 0.4, பட்டியலின் தலைப்பைக் காட்ட 1.1, அமுக்க 0.2, ‘சேமி’யைக் காட்ட 1.1, அமுக்க 0.2, கை திரும்பிவர 0.4. ஆக 3.4 வினாடி. பட்டியலைத் திறக்காமல், கருவிப்பட்டையில் உள்ள சிறு படத்தையே அமுக்கினால் 2.1 வினாடி. குறுக்கு விசைக்கோ இரண்டு தட்டல், 0.56 வினாடி. குறுக்கு விசை எளிதாக வென்றுவிட்டது போல் தோன்றுகிறது அன்றோ?

சற்றுப் பொறுங்கள். பழகாத விசைச் சேர்க்கைகளை அழுத்தத் தட்டலுக்கு 0.75 வினாடி ஆகும் என்பதும் அதே அட்டவணையில் உள்ளது. அதற்குமேல், ‘எந்த எழுத்து? எஸ்ஸா, டியா?’ என்று மனம் ஒரு கணம் தேடினால் அந்த 1.35 வினாடியையும் சேர்க்க வேண்டும். இப்படிப் பார்த்தால் குறுக்கு விசைக்கு 2.85 வினாடி ஆகிவிடுகிறது. கருவிப்பட்டைப் படத்தின் 2.1 வினாடி இப்போது முந்துகிறது. படத்தைத் தேடவும் யோசனை வேண்டாமா என்று வாசகர் கேட்கலாம். வேண்டும்தான், ஆனால் எப்போதும் ஒரே இடத்தில் கண்முன் இருக்கும் படத்தை அடையாளம் காண்பது, மறந்த எழுத்தை நினைவுக்குக் கொண்டுவருவதைவிட எளிது. தேர்வில் ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ என்பதற்கும் ‘கோடிட்ட இடத்தை நிரப்பு’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

ஆக, சண்டை முழுவதும் இந்த 1.35 வினாடிக்குள் அடங்கியிருக்கிறது. டோக்னாசினியும் தம் விளக்கத்தில் இதைத் தொட்டார்: குறுக்கு விசையை நினைவுகூர மூளை ஈடுபடும்போது ஏறத்தாழ இரண்டு வினாடி கரைகிறது, ஆனால் அக்கரைவு நமக்குத் தெரிவதில்லை என்றார். அவர் சொல்லாமல் விட்டது, கார்டு குழுவினரின் கணக்கிலேயே உள்ள ஒரு விதி. ஒரு செயல் முன்பே முழுமையாக எதிர்பார்க்கப்பட்டு, தானாகவே அடுத்ததாக வருமானால், அந்த எண்ணும் நேரத்தை நீக்கிவிட வேண்டும் என்பது அது. மிதிவண்டி கற்கும்போது தடையைப் பிடிப்பது ஒரு தனி யோசனை; கற்ற பிறகு அது கையின் வேலை. ஆகவே ‘எது விரைவு?’ என்னும் வினாவுக்கு ‘யாருக்கு, எந்தக் கட்டளைக்கு, அதுவரை எத்தனை முறை செய்தவருக்கு?’ என்று கேட்காமல் விடை சொன்னவர், வெப்பநிலையைக் குறிக்காமல் மின்தடையைச் சொன்னவர் ஆகிறார்.

இதே கணக்கு விசைப்பலகை அன்பர்களையும் சும்மா விடுவதில்லை. நன்கு பழகியவர், கருவிப்பட்டைக்குப் பதிலாகக் குறுக்கு விசையைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் 1.54 வினாடி மிச்சம். நாளில் நூறு முறை செய்தால் 154 வினாடி. அதாவது இரண்டரை நிமிடம். சூடான தேநீரை ஆற்றிக் குடிக்கவும் இந்நேரம் போதாது. ஆண்டுக்கு இத்தனை நாள் மிச்சம் என்று பெருக்கிக் காட்டும் விளம்பரங்களைக் கண்டு மயங்க வேண்டாம். அங்கங்கே சிதறிய ஒன்றரை வினாடிகளைச் சேர்த்து வைத்து ஒருவரும் ஒரு வேலையும் செய்ததில்லை. குறுக்கு விசையின் உண்மையான பயன், கண் எழுத்தைவிட்டு அகலாமல் இருப்பதும், பாதியில் நிற்கும் வாக்கியம் மனத்திலிருந்து நழுவாமல் இருப்பதுமே என்பது என் கருத்து. இது நிறுத்துக் கடிகாரத்தில் விழாத பயன்.

ஐயமுள்ள வாசகர் தாமே அளந்து பார்க்கலாம். ஒரு சொல்லை நகலெடுத்து ஒட்டுவதை 20 முறை ஒரு வழியில், 20 முறை மறு வழியில் செய்து, மொத்த நேரத்தை 20-ஆல் வகுக்கவும். எதை முதலில் செய்கிறோமோ அதில் பழக்கமின்மையும், பின்னதில் களைப்பும் கலக்கும். எனவே மறுநாள் வரிசையை மாற்றிச் செய்யவும். அளப்பதற்கு முன்னரே, எது விரைவாக இருக்கும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது இன்னும் சுவையானது.

இரு கைகள்

இவ்வழக்கில் வாதியும் பிரதிவாதியும் ஒரே பட்டறையில் பிறந்தவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. சுட்டியைக் கண்டவர் டக்ளஸ் எங்கல்பார்ட். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் கருத்துப்படி 1964-இல் முதல் சுட்டியைச் செய்து கொடுத்தவர், மேலே பெயர் வந்த அதே இங்கிலிஷ். மரத்தாலான ஒரு சிறு பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு சக்கரங்கள். பெட்டியைச் சாய்வாக இழுத்தால் ஒரு சக்கரம் கிடைக்கூறு அளவுக்கும் மற்றது செங்குத்துக்கூறு அளவுக்கும் சுழலும். திசையனை இரு கூறுகளாகப் பிரிப்பதை வகுப்பில் சொல்லித்தர இதைவிட நல்ல கருவி இல்லை. இன்றைய ஒளிச்சுட்டியில் இந்த அழகு மறைந்துபோயிற்று.

1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் எங்கல்பார்ட் இதை மக்கள் முன் இயக்கிக் காட்டினார். அவருடைய வலக் கையில் சுட்டி. இடக் கையின் கீழே ஐந்தே விசைகள் கொண்ட ஒரு சிறு பலகை. நடுவில் வழக்கமான விசைப்பலகை. ஐந்து விசைகளைத் தனித்தும் சேர்த்தும் அழுத்தினால் 31 வகைக் குறிகள் கிடைக்கும். வலக் கை இடத்தைக் காட்ட, இடக் கை கட்டளையைச் சொல்லும். கை இடம் பெயரும் 0.4 வினாடி அங்கே இல்லவே இல்லை. சுட்டியா விசையா என்னும் வினாவை எழுப்பாமல், சுட்டியும் விசையும் என்று அவர் அமைத்திருந்தார். ஐந்து விசைக் குறிகளைக் கற்க வேண்டியிருந்ததால் அப்பலகை மக்களிடம் செல்லவில்லை. கற்காமலே பயன்படுத்தக்கூடிய சுட்டி மட்டும் சென்றது.

ஆயினும் அதன் நிழல் இன்றும் நம் இடக் கையின் கீழ் உள்ளது. திருத்தியதை மீட்கவும், வெட்டவும், நகலெடுக்கவும், ஒட்டவும் உதவும் இசட், எக்ஸ், சி, வி என்னும் நான்கு விசைகளும் கீழ்வரிசையின் இடக் கோடியில் அடுத்தடுத்து இருக்கின்றன. 1983-இல் வெளிவந்த ஆப்பிளின் ‘லிசா’ கணிப்பொறியில் இவ்வரிசை இடம் பெற்றது. வெட்டி ஒட்டும் முறையை வளர்த்தெடுத்த லாரி டெஸ்லர் அக்குழுவில் இருந்தார். அவர் 2020-இல் மறைந்தார். வலக் கை சுட்டியால் சொல்லைத் தேர்ந்தெடுக்க, இடக் கை நகலெடுக்கும் இந்த உடன்பாடே பெரும்பாலோரிடம் இயல்பாக அமைந்திருக்கிறது. டோக்னாசினியின் ‘ஒன்றா மற்றொன்றா’ என்னும் கேள்வி இவர்களைப் பற்றிப் பேசவே இல்லை.

1984-இல் வந்த மக்கின்டாஷ் கணிப்பொறியில் அம்புக்குறி விசைகளே வைக்கப்படவில்லை. மென்பொருள் எழுதுவோர் சுட்டியைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பதற்காக. 1986-இல் அவை திரும்பி வந்தன. ஒரு நிறுவனம் தன் கொள்கைக்காக விசைகளையே பிடுங்கி எறிந்த காலம் அது என்பதை, 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படிக்கும்போது நினைவிற் கொள்ளலாம்.

கற்பிக்கும் முறை

2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லேன் முதலானோர் ஓர் ஆய்வு வெளியிட்டனர். சொற்செயலி மென்பொருளில் நல்ல அனுபவமுள்ள 251 பேரிடம் விசாரித்ததில், மிகுதியாகச் செய்யும் கட்டளைகளுக்குக்கூடப் பெரும்பாலோர் கருவிப்பட்டையையே நாடினார்கள். குறுக்கு விசைகள் அரிதாகவே பயன்பட்டன. ஆண்டுக் கணக்கில் பழகினால் தானாகக் குறுக்கு விசைக்கு மாறிவிடுவார்கள் என்னும் எதிர்பார்ப்பு பொய்த்தது.

காரணம் அமைப்பிலேயே உள்ளது என்று கருதுகிறேன். பட்டியலில் ‘சேமி’ என்னும் சொல்லுக்கு எதிரே அதன் குறுக்கு விசை அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் ஆயிரம் முறை அச்சொல்லின்மேல் அமுக்கினாலும் விரலுக்கு அவ்விசையில் ஒரு முறைகூடப் பயிற்சி கிடைப்பதில்லை. நாள்தோறும் பேருந்தில் போகிறவருக்குச் சன்னலுக்கு வெளியே வழிகாட்டிப் பலகை தெரியலாம். வண்டி ஓட்ட வந்துவிடாது. இதற்கு மாறாக, விண்டோசில் ஆல்ட் விசையை அழுத்தி, ஒவ்வோர் எழுத்தாகப் பட்டியலுக்குள் இறங்கும் ஒரு வழி உண்டு. முதல் நாள் திரையைப் பார்த்துச் செய்வதும், நூறாவது நாள் பாராமல் செய்வதும் அங்கே ஒரே விரல் அசைவுதான். கற்பதும் தேர்வதும் ஒரே பாதையில் நடக்கின்றன. வழிகாட்டி நூல்கள் இதை ஒரு வரியில் தள்ளிவிடுகின்றன.

நூல்கள் தருவது அட்டவணை. தேர்வில் வருவது ‘பொருத்துக’. எழுத்தையும் கட்டளையையும் கோடிழுத்துச் சேர்த்து மதிப்பெண் வாங்கிய மாணவர், கணிப்பொறி முன் அமர்ந்ததும் சுட்டியைத்தான் தேடுகிறார். விசைப் பழக்கம் விரலில் இருக்க வேண்டியது. அதைத் தாளில் சோதிப்பது நீச்சலுக்கு எழுத்துத் தேர்வு வைப்பது போல இருக்கிறது. ஐம்பது விசைகள் எதற்கு? நாம் ஒவ்வொரு மணியும் செய்யும் ஐந்தாறு கட்டளைகள் போதும். மாதத்துக்கு ஒருமுறை செய்வதற்கு அந்த 1.35 வினாடி ஒருபோதும் நீங்கப் போவதில்லை. அதற்குப் பட்டியலே தக்கது.

தமிழ்வழி மாணவருக்கு மற்றொரு சுமையும் உண்டு. சேமிக்க எஸ், திறக்க ஓ, அச்சிட பி, தேட எஃப் என்பவை ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். ஆங்கிலம் அறிந்தவருக்கு அவை நினைவுக் கயிறு; மற்றவருக்கு வெறும் மனப்பாடம். 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ் 99 விசைப்பலகையில் ஒரு வேடிக்கையைக் காணலாம். அதில் சி விசையில் ‘ஒ’வும், வி விசையில் ‘வ’வும் அமைந்துள்ளன. ‘ஒ’ என்றால் ஒட்டு, ‘வ’ என்றால் வெட்டு என்று ஒரு மாணவர் நினைத்தால் அது நியாயமே. ஆனால் ‘ஒ’ உள்ள விசை நகலெடுக்கிறது. ‘வ’ உள்ள விசை ஒட்டுகிறது! இங்கே எழுத்தை நம்பாமல் இடத்தை நம்பச் சொல்லிக் கொடுப்பதே நல்லது. எக்ஸ் விசையின் வடிவம் விரிந்த கத்தரிக்கோல். வி விசையின் வடிவம் விடுபட்ட சொல்லைச் செருக நாம் போடும் குறியின் தலைகீழ். இவ்வடிவங்களுக்கு எந்த மொழியும் வேண்டியதில்லை.

தமிழில் எழுதுவோர் தவிர்க்கவே முடியாத குறுக்கு விசை ஒன்று உண்டு. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறும் விசை அது. விண்டோசில் விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தினால் மொழி மாறும். அறிவியல் கட்டுரை ஒன்றில் ஒரு பக்கத்துக்குள் பல முறை இவ்வாறு மாற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் திரையின் மூலையில் உள்ள சிறு குறியைச் சுட்டியால் தேடுவது வாக்கியத்தை உடைத்துவிடும். மாணவர்களுக்கு முதலில் கற்பிக்க வேண்டியது இதுவே. பெரும்பாலான அட்டவணைகளில் இது இடம் பெறுவதில்லை.

சுட்டி இல்லாதவர்கள்

இதுவரை பேசியது எல்லாம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளக் கூடியவர்களைப்பற்றி. பார்வையற்றவருக்கு அந்தத் தேர்வு இல்லை. திரையில் நகரும் குறியைக் காணாதவருக்குச் சுட்டி ஒரு பயனற்ற பெட்டி. அவர் கணிப்பொறியை இயக்குவது விசைகளால்; திரையில் உள்ளதை மென்பொருள் படித்துச் சொல்லும். ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பான் விலையின்றிக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கும். அதைப் பயன்படுத்துபவர் ஓர் இணையப் பக்கத்தில் எச் விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவுகிறார்; டாப் விசையால் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குச் செல்கிறார். 1.5 வினாடி மிச்சம் என்னும் பேச்சுக்கே இங்கு இடமில்லை. விசை வேலை செய்தால் கதவு திறக்கும், இல்லையேல் திறக்காது.

இணையப் பக்கத்தின் எல்லாச் செயல்களும் விசைப்பலகையால் இயங்க வேண்டும் என்பதை 2008-இல் வெளிவந்த உலகளாவிய இணைய அணுகல் நெறிகளின் இரண்டாம் பதிப்பு அடிப்படைத் தகுதியாக வைத்தது. இந்திய அரசின் இணையத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இல் வெளிவந்தன. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அணுகலைக் கடமையாக்கியது. ஏட்டில் குறைவில்லை. ஆனால் சுட்டிக்கு மட்டும் திறக்கும் நாட்காட்டியும், படத்துண்டை இழுத்துப் பொருத்தினால்தான் மேலே விடும் பூட்டும், அழுத்தினால் எங்கே நிற்கிறோம் என்றே காட்டாத பொத்தானும் விண்ணப்பப் பக்கங்களில் இன்னும் தென்படுகின்றன. இவற்றை அமைத்தவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். தம் பக்கத்தைச் சுட்டி இல்லாமல் ஒரு முறையேனும் திறந்து பார்த்திராதவர்கள்.

நாம் பார்க்கலாம். கல்லூரி விண்ணப்பமோ, தொடர்வண்டி முன்பதிவோ, நாள்தோறும் பயன்படுத்தும் எந்தப் பக்கமானாலும் சரி. சுட்டியின் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, டாப் விசையால் முன்னேயும், ஷிஃப்ட் விசையுடன் சேர்த்து அழுத்திப் பின்னேயும் நகர்ந்து, தெரிவு செய்ய வேண்டிய இடத்தில் என்டர் விசையையோ இடைவெளி விசையையோ அழுத்தி, இறுதிப் பொத்தான்வரை போக முயலுங்கள். எத்தனையாவது டாப் அழுத்தலில் மாட்டிக்கொண்டீர்கள், அப்போது திரையில் எந்தக் கட்டம் இருந்தது என்று குறித்துக்கொண்டு, அப்பக்கத்தை நடத்துவோருக்கு எழுதி அனுப்பலாம். பெரும்பாலான அரசுத் தளங்களின் அடியில் அதற்கான முகவரி இருக்கிறது.